கமிட் அடித்த பிறகு லிங்க் போனால்? கான்ஃபிக் ஷெல்லை எதில் கட்டுவது

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஏற்காட்டில் இருக்கும் ஒரு லினக்ஸ் பெட்டியின் ஐபி முகவரியை மாற்றுகிறீர்கள். ஓர் எண் தவறினால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் வழி) திரை அப்படியே உறைந்துவிடும். பிறகு யாராவது கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, அங்கிருந்து நாகலூருக்கோ வெள்ளக்கடைக்கோ போகவேண்டும். மூடுபனி இறங்கிய இரவு என்றால் மறுநாள் காலைதான். அதுவரை அந்த எஸ்டேட்டிலோ பள்ளியிலோ இன்டர்நெட் கிடையாது.

மலையில் பத்து முப்பது சிறு பெட்டிகளைக் கீழிருந்து பார்த்துக்கொள்ளும் இரண்டு மூன்று பேர் குழுவை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீடு. பெட்டிக்குள் நுழைந்ததும் ஒரு ப்ராம்ப்ட் வரவேண்டும். 'செட்', 'ஷோ', 'கமிட்' (மாற்றத்தை அமல்படுத்து) என்று அடித்து நெட்வொர்க், ஃபயர்வால், டிஎச்சிபி (சாதனங்களுக்கு ஐபி முகவரி தருவது), வயர்கார்ட் (விபிஎன்) எல்லாவற்றையும் மாற்ற முடியவேண்டும். இதுதான் கான்ஃபிக் ஷெல். இதை எதில் கட்டுவது என்று பேச்சு வந்தால், டேப் அடித்தால் எது அழகாக நிரப்புகிறது என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அது இரண்டாவது கேள்வி. தவறான கமிட்டிலிருந்து பெட்டி தானாகத் திரும்பி வருமா என்பதுதான் முதல் கேள்வி. கீழே ஒவ்வொன்றையும் அந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

கட்டத்தான் வேண்டுமா?

பெட்டிகள் வெறும் ரவுட்டர் வேலை மட்டும் பார்க்கின்றன, எல்லாம் சாதாரண இன்டெல் வகைக் கணினிகள் என்றால் ஒன்றும் கட்டவேண்டாம், ரவுட்டர் வேலைக்கென்றே உள்ள லினக்ஸான வையோஸ் போடுங்கள். 'கான்ஃபிகர்' என்று உள்ளே போய், 'செட்', 'டெலீட்' கொடுத்து, 'கம்பேர்' அடித்து வித்தியாசம் பார்த்து, 'கமிட்-கன்ஃபர்ம்' கொடுக்கலாம். பத்து நிமிடத்துக்குள் 'கன்ஃபர்ம்' வராவிட்டால் பழைய கான்ஃபிக்குக்குப் போய்விடும். ஜூனிபர் ரவுட்டர்களின் ஜூனோஸிலும் இதே பத்து நிமிடம்தான். நெட்வொர்க் கருவிகளைத் தொலைவிலிருந்து அமைக்கும் நெட்கான்ஃப் நெறிமுறைக்கு 2011-ல் வந்த வரையறையான ஆர்எஃப்சி 6241-லும் இயல்பான கெடு 600 விநாடி. வையோஸில் ஒன்றை மறக்கக்கூடாது: கமிட் வேறு, 'சேவ்' வேறு. உறுதிப்படுத்திவிட்டுச் சேவ் அடிக்காமல் வந்தால் அடுத்த ரீபூட்டில் மாற்றம் போய்விடும்.

சிறிய வைஃபை ரவுட்டர்களில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ஓடினால் அதன் கான்ஃபிக் கட்டளையான 'யூசிஐ' இருக்கிறது. 'யூசிஐ செட்' செய்ததெல்லாம் தற்காலிக இடத்தில் நிற்கும். 'யூசிஐ சேஞ்சஸ்' காட்டும். 'யூசிஐ ரிவர்ட்' கைவிடும். 'யூசிஐ கமிட்' எழுதும். ஆனால் கமிட் ஆன பிறகு கெடு வைத்துத் திரும்பும் வசதி அந்தக் கட்டளையில் இல்லை. வலைப்பக்கம் வழியாக மாற்றினால் உண்டு. கட்டளைவரியில் வேண்டுமானால் கெடுவை நீங்கள்தான் மேலே சேர்க்கவேண்டும்.

மூன்றாவது நிலைமைதான் அதிகம் காணப்படுவது. டெபியன் பெட்டி, அதில் ரவுட்டிங்கோடு கேமரா பதிவும் ஓடுகிறது, ஒரு சிறு டேட்டாபேஸும் இருக்கிறது. அங்கே ஷெல் கட்டவேண்டியதுதான்.

பாஷ் மெனு

மாற்றவேண்டியது ஐந்து விஷயம் மட்டும் என்றால் லினக்ஸின் வழக்கமான ஷெல்லான பாஷின் 'செலக்ட்' (எண்ணிட்ட மெனு காட்டும் கட்டளை) போதும். ஒரு நாள் வேலை. 'ரீட்' கட்டளைக்கு 'இ' கொடியைச் சேர்த்தால் வரியைத் திருத்தும் வசதியும் வரும். ஆனால் டேப் அடித்தால் கோப்புப் பெயர்களைத்தான் நிரப்பும், உங்கள் இன்டர்ஃபேஸ் பெயர்களை அல்ல. ஆறாவது விஷயம் சேரும்போது மெனுவுக்குள் மெனு வரும். பத்தாவதில் யாருக்கும் புரியாது. அந்த எல்லைக்கு முன்பே விட்டுவிடுங்கள்.

பைத்தானின் சிஎம்டி

கட்டளை ஷெல் கட்டும் இந்தத் தொகுதி பைத்தானோடு கூடவே வருகிறது, தனியாக எதுவும் நிறுவவேண்டாம். 'டூ_ஷோ' என்று ஒரு மெத்தட் எழுதினால் 'ஷோ' கட்டளை தயார். 'கம்ப்ளீட்_ஷோ' எழுதினால் டேப் தயார். இரண்டே நாளில் ஓடும் ஒன்று கையில் இருக்கும். அதனாலேயே பலரும் இதில் தொடங்குகிறார்கள். தொடங்கலாம், தவறில்லை. ஆனால் கான்ஃபிக் வேலைக்கு இதன் இயல்புகள் சில ஆபத்தானவை.

வெறும் என்டர் அடித்தால் சிஎம்டி சும்மா இருக்காது. முந்தைய கட்டளையை இன்னொரு முறை ஓட்டும். முந்தையது 'டெலீட்' என்றால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. 'எம்ப்டிலைன்' மெத்தடை எழுதி, ஒன்றும் செய்யாமல் திரும்பச் சொல்லவேண்டும். முதல் நாளே செய்யவேண்டிய வேலை இது. கன்ட்ரோல்-டி அடித்தால் 'ஈஓஎஃப்' என்ற சொல்லே ஒரு கட்டளையாக உள்ளே வரும். அதற்கும் ஒரு மெத்தட் வேண்டும். கன்ட்ரோல்-சி அடித்தால் மொத்த ஷெல்லும் விழும். லூப்பைச் சுற்றி அதைப் பிடிக்கவேண்டும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. சிஎம்டி வரியின் தொடக்கத்திலிருந்து எழுத்து, எண், அடிக்கோடு இவை எதுவரை தொடர்கின்றனவோ அதுவரை கட்டளைப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஹைஃபன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒருவர் வையோஸ் பழக்கத்தில் 'கமிட்-கன்ஃபர்ம் 10' என்று அடித்தால், சிஎம்டி அதை 'கமிட்' என்ற கட்டளையாகவும், '-கன்ஃபர்ம் 10' என்பதை அதற்கான ஆர்குமென்டாகவும் பிரிக்கும். உங்கள் 'டூ_கமிட்' ஆர்குமென்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கெடு இல்லாத நிரந்தர கமிட் நடந்துவிடும். பாதுகாப்பாகச் செய்கிறோம் என்று நினைத்து அடித்த வரியே பாதுகாப்பை எடுத்துவிடுகிறது. பிழைச் செய்தியும் வராது.

தீர்வு இரண்டு. 'கமிட் கன்ஃபர்ம் 10' என்று இரண்டு சொல்லாகவே கட்டளையை வையுங்கள். அத்துடன் 'டூ_கமிட்' தனக்குத் தெரியாத ஆர்குமென்ட் எது வந்தாலும் மறுக்கவேண்டும். இரண்டாவதை எல்லா கட்டளைக்கும் விதியாக்குங்கள்.

இதே ஹைஃபன் டேப்பிலும் தொல்லை தரும். பைத்தானில் வரித் திருத்தத்தையும் டேப்பையும் பார்த்துக்கொள்ளும் ரீட்லைன், இயல்பில் ஹைஃபனையும் சாய்கோட்டையும் சொல் பிரிப்பானாகக் கொள்கிறது. 'நாகலூர்-2' என்று பெட்டிக்குப் பெயர் வைத்து, ஹைஃபன் வரை அடித்து டேப் தட்டினால் உங்கள் மெத்தடுக்கு வந்து சேருவது வெற்றுச் சொல். '10.20.0.0/24' என்பதிலும் சாய்கோட்டுக்கு முன்பகுதி வராது. பிரிப்பான் பட்டியலிலிருந்து இரண்டையும் நீக்கிவிட்டால் சரியாகிவிடும். மேக் கணினியில் எழுதிச் சோதிப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம்: அங்கே பைத்தான் பெரும்பாலும் ரீட்லைனுக்குப் பதில் லிப்எடிட் என்ற நூலகத்தோடு இணைந்திருக்கும், டேப்பைப் பிணைக்கும் வரியின் வடிவமே வேறு. மலையில் ஓடப்போவது லினக்ஸ் என்பதால் லினக்ஸிலேயே சோதியுங்கள்.

ப்ராம்ப்ட் டூல்கிட்

இதுவும் பைத்தான் நூலகம்தான். ஐபைத்தான் என்ற பைத்தான் ஷெல்லின் முகம், அதாவது நாம் அடித்துப் பார்க்கும் பகுதி, இதில்தான் கட்டப்பட்டிருக்கிறது. சார்ந்திருப்பது 'டபிள்யூசிவிட்த்' என்ற ஒரே ஒரு சிறு தொகுப்பை மட்டும். அடிக்க அடிக்கத் தவறைச் சுட்டிக்காட்டலாம். திரையின் அடியில் 'உறுதிப்படுத்த 7 நிமிடம் மீதி' என்று ஓடவிடலாம். கெடு வைத்து வேலை செய்பவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு வரி இல்லை. கட்டளை மரத்தை ஓர் அகராதியாகக் கொடுத்தால் உள்ளடுக்கு டேப்பும் வந்துவிடும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அடிக்கும்போதே பரிந்துரைப் பட்டியல் விரிவதை நிறுத்திவிடுங்கள். மெதுவான வயர்லெஸ் லிங்க்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் திரை மறுபடி வரையப்படுவது கையைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும். டேப் அடித்தால் மட்டும் விரியட்டும். அடுத்து சீரியல் கன்சோல். இந்த நூலகம் கர்சர் எங்கே நிற்கிறது என்று டெர்மினலைக் கேட்கும்; பதில் வராவிட்டால் எச்சரிக்கை வரி அச்சாகும். சீரியலில் உள்ளே வரும்போது அந்தக் கேள்வியை நிறுத்தும் சூழல் மாறியை அமைத்துவிட வேண்டும். லிங்க் செத்து, மலை ஏறி, கன்சோல் கேபிள் மாட்டியவருக்கு அங்கே திரை கலங்கக்கூடாது.

கான்ஃபிக்ஷெல், க்ளிஷ், கோ, ஆகியஸ்

ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க் தரும் முறை) ஸ்டோரேஜ் அமைத்தவர்களுக்கு 'டார்கெட்சிஎல்ஐ' தெரிந்திருக்கும். அதன் அடியில் இருப்பது கான்ஃபிக்ஷெல். எல்லாமே ஒரு மரம். 'சிடி' போட்டு உள்ளே போகலாம், 'எல்எஸ்' போட்டால் கிளைகள் தெரியும். கற்பதற்கு இதைவிட எளிதான முகம் இல்லை. ஆனால் அதில் மாற்றம் அடித்த நொடியே அமலாகும். வரைவு என்று ஒரு நிலை இல்லை. ஸ்டோரேஜுக்கு அது பரவாயில்லை. நிற்கும் கிளையையே வெட்டக்கூடிய நெட்வொர்க் வேலைக்கு, வரைவை நீங்களே கட்டிச் சேர்த்தால்தான் பொருந்தும்.

க்ளிஷ் சி மொழியில் எழுதப்பட்டது. கட்டளைகளை எக்ஸ்எம்எல் கோப்பில் வரையறுத்தால் சிஸ்கோ பாணி ஷெல் கிடைக்கும், கேள்விக்குறி உதவி உட்பட. நூற்றுக்கணக்கில் விற்கப்போகும் ஒரு சாதனத்துக்கு நல்ல தேர்வு. முப்பது பெட்டிகளுக்கு எக்ஸ்எம்எல் எழுதிக்கொண்டிருப்பது அதிகச் சுமை.

கோ மொழியின் பலம் ஒற்றை பைனரி. சேலத்தில் உங்கள் மடிக்கணினியில் ஆர்ம், மிப்ஸ் என எந்தச் செயலிக்கும் கட்டி, ஒரு கோப்பை மட்டும் மேலே அனுப்பலாம். பைத்தான் பதிப்பு பற்றிய கவலை இல்லை. பல மிப்ஸ் ரவுட்டர்களில் மிதவைப்புள்ளி வன்பொருள் கிடையாது. 'சாஃப்ட்ஃப்ளோட்' என்று குறிப்பிட்டுக் கட்டாவிட்டால் ஓடாது. பைனரி சில எம்பி இருக்கும் என்பதால் 16 எம்பி ஃப்ளாஷ் உள்ள பெட்டியில் இடம் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆகியஸை ஷெல் என்று எண்ணவேண்டாம். கான்ஃபிக் கோப்புகளைக் கருத்துரைகள் கலையாமல் திருத்தும் எஞ்சின் அது. மற்றவர்கள் கையால் எழுதிய கோப்பில் ஒரு வரியை மட்டும் மாற்றவேண்டிய இடத்தில் அடியில் வைத்துக்கொள்ளலாம். 'சேவ்' தோற்றால் காரணம் அதன் மரத்திலேயே பிழைக் கிளையில் இருக்கும். உங்கள் ஷெல் அதைப் படித்துக் காட்டவேண்டும், 'தோல்வி' என்று மட்டும் சொன்னால் யாருக்கும் உதவாது.

எஞ்சின்: எதைத் தேர்ந்தாலும் எழுதவேண்டியது

ஷெல் கட்டுவதற்கு மேலே பார்த்த கருவிகளில் எதுவும் கெடு வைத்த கமிட்டைத் தயாராகத் தருவதில்லை. அதனால்தான் முகத்தையும் எஞ்சினையும் (மாற்றத்தை அமல்படுத்தி, தேவையானால் திருப்பும் பகுதி) வேறு வேறு நிரலாக எழுதச் சொல்கிறோம். முகம் நாளை மாறலாம், எஞ்சின் நிலைக்கவேண்டும்.

மூன்று கோப்புகள் போதும்: வரைவு, ஓடுவது, உறுதியானது. கமிட் அடித்ததும் வரைவிலிருந்து உண்மையான கான்ஃபிக் கோப்புகளை உருவாக்கி, அந்தந்த மென்பொருளின் சொந்தச் சோதனையிலேயே ஓட்டிப் பாருங்கள். ஃபயர்வாலின் என்எஃப்டி கட்டளைக்கு 'சி' கொடி, எஸ்எஸ்எச் சேவையான எஸ்எஸ்எச்டிக்கு 'டி' கொடி, டிஎச்சிபி, டிஎன்எஸ் தரும் டிஎன்எஸ்மாஸ்க்குக்கு 'டெஸ்ட்' எல்லாம் இதற்கென்றே உள்ளவை. அதில் தேறியபின் அமல்படுத்தலாம். தொடரியல் சரி, பொருள் தவறு என்ற பிழைகளுக்காகத்தான் கெடு.

கெடுவை எண்ணும் டைமர் ஷெல்லுக்குள் இருக்கக்கூடாது. லிங்க் போனால் எஸ்எஸ்எச் அமர்வு முடியும், ஷெல்லுக்கு 'சிக்ஹப்' என்ற நிறுத்தச் சமிக்ஞை வரும், அதோடு டைமரும் சாகும்; எந்த நேரத்துக்குத் தேவையோ அந்த நேரத்தில் இருக்காது. 'சிஸ்டம்டி-ரன்' கட்டளையில் 'ஆன்-ஆக்டிவ்' கொடுத்துத் தனி டைமராக விடுங்கள். குறிப்பிட்ட கடிகார நேரத்துக்கு 'அட்' கட்டளையில் வைக்கவேண்டாம். ராஸ்பெர்ரி பை 4 போன்ற பலகைகளில் மின்கலக் கடிகாரம் இல்லை. நெட்வொர்க்கிலிருந்து சரியான நேரம் எடுக்கும் என்டிபி, நேரத்தைத் திருத்தும்போது கடிகாரம் தாவும், கெடு முன்பே வெடிக்கும் அல்லது வராமலே போகும்.

அடுத்தது மின்சாரம். கோடை மழையில் இடி இடித்தால் மலையில் கரண்ட் போகும். பத்து நிமிடக் கெடுவுக்குள் பெட்டி அணைந்து மீண்டும் எழுந்தால் அந்தத் தற்காலிக டைமர் இருக்காது. ஆகவே பெட்டி எழும்போது எப்போதும் 'உறுதியானது' கோப்பிலிருந்தே கான்ஃபிக் உருவாகவேண்டும். உறுதிப்படுத்தாத எதுவும் ரீபூட்டைத் தாண்டி வாழக்கூடாது.

இனி, பலரும் தவறவிடும் இடம். ஃபயர்வாலில் 'ஏற்கெனவே நிலைத்த இணைப்புகளை அனுமதி' என்ற விதி அநேகமாக எல்லாரிடமும் இருக்கும். புதிய விதியில் எஸ்எஸ்எச் போர்ட்டைத் தவறுதலாக மூடிவிட்டாலும் நீங்கள் உள்ளே இருக்கும் பழைய இணைப்பு உயிரோடுதான் இருக்கும். எல்லாம் சரி என்று நினைத்து அதிலிருந்தே 'கன்ஃபர்ம்' அடித்து வெளியே வருவீர்கள். மறுபடி நுழைய முடியாது. கெடுவும் ரத்தாகிவிட்டது.

ஆகவே உறுதிப்படுத்தல் புதிய இணைப்பிலிருந்து மட்டுமே ஏற்கப்படவேண்டும். கமிட் அடிக்கும்போது 'எஸ்எஸ்எச்_கனெக்‌ஷன்' சூழல் மாறியைக் குறித்துவையுங்கள். அதில் எதிர்முனையின் ஐபியும் போர்ட் எண்ணும் இருக்கும். கன்ஃபர்ம் வரும்போது அதே மதிப்பாக இருந்தால் மறுத்துவிடுங்கள். உங்கள் மடிக்கணினியில் 'கன்ட்ரோல்மாஸ்டர்' போட்டிருந்தால் இரண்டாவது ஜன்னலில் திறக்கும் எஸ்எஸ்எச்சும் பழைய இணைப்பின் மேலேயேதான் ஓடும். போர்ட் எண் ஒன்றாகவே இருப்பதால் இந்தச் சோதனை அதையும் பிடித்துவிடும். அப்போது 'கன்ட்ரோல்பாத்' மதிப்பை 'நன்' என்று கொடுத்துத் தனி இணைப்பில் வரவேண்டும். டிமக்ஸுக்குள் (லிங்க் போனாலும் அமர்வைக் காக்கும் நிரல்) இருப்பவர்களுக்குப் பழைய மதிப்பே தொங்கிக்கொண்டிருக்கும்; வெளியே வந்து அடிக்கச் சொல்லுங்கள்.

கோப்பு எழுதுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தற்காலிகக் கோப்பை அதே அடைவில் உருவாக்கி, எழுதி, 'எஃப்சிங்க்' செய்து (டிஸ்க்கில் உண்மையாகவே எழுதவைத்து), பெயர் மாற்றி, அடைவையும் எஃப்சிங்க் செய்யவேண்டும். 'டிஎம்பி' அடைவில் உருவாக்கினால் அது வேறு கோப்பு முறைமையாக இருக்கக்கூடும்; பெயர் மாற்றம் தோற்கும். பைத்தானின் 'டெம்ப்ஃபைல்' உருவாக்கும் கோப்பின் அனுமதி 0600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கலாம். அதை அப்படியே டிஎன்எஸ் முகவரி இருக்கும் 'ரிசால்வ்.கான்ஃப்' ஆக்கிவிட்டால் ரூட்டுக்கு மட்டும் டிஎன்எஸ் வேலை செய்யும், மற்ற சேவைகள் பெயரைத் தேட முடியாமல் தவிக்கும். ரூட்டாக நுழைந்து 'பிங்' அடித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பெயர் மாற்றும் முன் பழைய கோப்பின் அனுமதியையும் உரிமையாளரையும் புதியதற்குக் கொடுங்கள்.

கீழே ஒருவர், மேலே ஒருவர் ஒரே நேரத்தில் மாற்றினால்? கமிட்டின்போது 'எஃப்லாக்' பூட்டு போடுங்கள். வரைவு எந்தப் பதிப்பிலிருந்து கிளம்பியது என்ற ஹாஷையும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) வைத்திருங்கள். இடையில் ஓடுவது மாறியிருந்தால் கமிட்டை மறுத்து வித்தியாசத்தைக் காட்டவேண்டும். பல பெட்டிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிளும் ஓடுகிறது என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஒரு கோப்புக்கு ஒரே சொந்தக்காரர். ஷெல்லில் மாற்றியதை இரவு ஆன்சிபிள் அழித்துவிட்டால் இரண்டையும் யாரும் நம்பமாட்டார்கள்.

லாகின் ஷெல்லாக வைக்கும்போது

ஷெல்லின் பாதையை 'இடிசி' அடைவின் 'ஷெல்ஸ்' கோப்பில் சேர்க்கவேண்டும். எஸ்எஸ்எச் வழியே ஒரு கட்டளையை மட்டும் அனுப்பினால் உங்கள் நிரல் 'சி' கொடியோடு அழைக்கப்படும். அதைக் கையாளாவிட்டால் கோப்பு அனுப்புவதும் பேக்கப்பும் நிற்கும். நீண்ட வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' வழியாகக் காட்டினால், அதில் ஆச்சரியக்குறி அடித்து முழு ஷெல்லுக்குள் நுழைய வழி இருக்கிறது. 'லெஸ்செக்யூர்' மாறியை 1 ஆக்குங்கள். வயர்கார்ட் சாவி, இன்டர்நெட் இணைப்புக்கான பிபிபிஓஇ கடவுச்சொல் இவற்றைக் கட்டளை வரியில் வாங்கவே கூடாது, ஹிஸ்டரி கோப்பில் தங்கிவிடும். தனியாகக் கேட்டு, திரையில் காட்டாமல் வாங்குங்கள்.

தமிழில் உதவி வரிகள் கொடுங்கள், புதிதாக வேலைக்கு வருபவருக்குப் பெரிய துணை. ஆனால் ப்ராம்ப்டுக்குள் தமிழ் வேண்டாம். யூனிகோடில் 'ி' இடம் எடுக்கும் குறி, 'ீ' இடம் எடுக்காத குறி என்று வகை பிரிந்திருக்கிறது; டெர்மினல்கள் இதன் அகலத்தை ஒரேமாதிரி கணக்கிடுவதில்லை. கர்சர் ஓர் இடத்தில் நிற்கும், எழுத்து இன்னோர் இடத்தில் விழும். வண்ணம் சேர்த்தாலும் ரீட்லைனில் இதே கதிதான்: வண்ணக் குறியீடுகளை அதற்குரிய தொடக்க, முடிவுக் குறிகளுக்குள் அடைக்காவிட்டால் நீண்ட வரி மடங்கும்போது தன்மீதே எழுதிக்கொள்ளும்.

எங்கள் தேர்வு

கலப்பு வேலை பார்க்கும் டெபியன் பெட்டிகளுக்கு: முகம் ப்ராம்ப்ட் டூல்கிட், எஞ்சின் தனிப் பைத்தான் நிரல், இரண்டுக்கும் நடுவே ஒரு யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே பெட்டிக்குள் இரு நிரல்கள் பேசும் வழி). முகத்தை மூன்று நாளில் எழுதலாம். எஞ்சினுக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். குழுவில் கோ தெரிந்தவர் இருந்து, பெட்டிகள் பல வகையாக இருந்தால் கோவுக்குப் போகலாம், அதே எஞ்சின் விதிகளோடு. சிஎம்டியில் ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருப்பவர்கள் தூக்கிப்போட வேண்டாம். எம்ப்டிலைனையும் ஹைஃபனையும் இன்றே சரிசெய்துவிட்டு, டைமரை வெளியே எடுத்துவிடுங்கள்.

மேலே அனுப்பும் முன் மேசையிலேயே இரண்டு பெட்டிகளை இணைத்து ஐந்து சோதனை: தவறான ஐபியைக் கமிட் செய்து பத்து நிமிடம் காத்திருங்கள், எஸ்எஸ்எச் போர்ட்டை மூடிவிட்டுப் பழைய ஜன்னலிலிருந்து கன்ஃபர்ம் அடித்துப் பாருங்கள் (எஞ்சின் மறுக்கவேண்டும்), கெடுவின் நடுவில் மின்வயரைப் பிடுங்குங்கள், ஷெல்லை 'கில் மைனஸ் 9' அடித்துக் கொல்லுங்கள், டிஸ்க்கை நிரப்பிவிட்டுக் கமிட் கொடுங்கள். ஐந்திலும் பெட்டி தானாகப் பழைய முகவரிக்கு வந்து புதிய எஸ்எஸ்எச்சை ஏற்கவேண்டும். அத்துடன் சாதாரண பாஷ் உள்ள ஓர் அவசரக் கணக்கும் வேண்டும். அதன் கடவுச்சொல்லை ஒட்டிய உறையில் போட்டு, சீரியல் கேபிள் இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.